நூல் இல்லாத தோளூசி

ஒரு பொருள் யாருடையது என்பதை ஆதாரத்தை மட்டுமே வைத்து முடிவு செய்யக்கூடிய ஆள், திஸ்னித் ஊர் உண்டான நாளிலிருந்து நான் ஒருவன்தான். தற்பெருமை இல்லை. அகாதிர் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தெருவில் எனக்கு முன் அதைப் படித்தவர் யாரும் இல்லை.

எனவே திங்கட்கிழமை காலை, அக்கா தூதா தன் கல்யாணப் போர்வையை உதறியபோது மடிப்பிலிருந்து ஒரு தோளூசி விழுந்ததும், அவள் நேராக என்னிடம் வந்தது சரியான முடிவு. போர்வையைத் தோளில் பிடித்து நிறுத்தும் வெள்ளி ஊசி ஜோடியில் ஒன்று. முக்கோணம், உள்ளங்கை அகலம், கரிபோலக் கறுப்பு. அதன் வளையத்தில் அறுந்த சங்கிலியின் ஒரு கண்ணியும், முடிச்சு முடிச்சாக ஓர் அழுக்கு நூலும் தொங்கின.

"செத்தோம்டா பெலாயித். சித்தி மக கல்யாணத்துக்கு இந்தப் போர்வையைக் குடுத்தோமே, அப்ப யார்கிட்டயோ இரவல் வாங்கின ஊசி இது. நம்ம வீட்டுலயே கிடந்திருக்கு. அம்மா வேற அன்னிக்கு எல்லார் முன்னாடியும், 'எவ அமுக்கினாளோ அவ கை விளங்காம போக'ன்னு சாபம் விட்டா."

"அம்மா கை நல்லாத்தானே இருக்கு?"

"சிரிக்காதே. சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். இது இங்க இருக்கிறது தெரிஞ்சா ஒருத்தியும் எனக்கு நகை இரவல் தரமாட்டா. மொட்டைத் தோளோட நிக்கணும். அந்த நூலைக் காட்டி யாரு வீட்டுதுன்னு கேளு, கமுக்கமா குடுத்துட்டு வந்துடு."

எங்கள் பெண்கள் நகையை இரவல் கொடுக்கும்போது தங்கள் வீட்டுக் கம்பளி நூலை அதில் கட்டிக் கொடுப்பார்கள். அதுதான் முத்திரை, பத்திரம், பதிவு அலுவலகம் எல்லாம்.

"நூலெல்லாம் ஒரு ஆதாரமா? ஆட்டுக்குக்கூட காதுல நம்பர் போடுற காலம் இது" என்றேன். கத்தரிக்கோலால் நூலை வெட்டி எறிந்தேன். சாம்பலும் எலுமிச்சையும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். ஊசி கண்ணாடிபோல மின்னியது. பின்பக்கம் சின்ன மீன் முத்திரை ஒன்று தெரிந்தது. ஆராய்ச்சி முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று தூதாவுக்கு அறிவித்தேன்.

வெள்ளிக்கடைத் தெருவில் ஹம்மு ஆசாரி மீனைப் பார்த்ததும் தலையாட்டினார். "மூஷேயோட முத்திரை. யூதர் தெருவுல இருந்த மனுஷன். ஊரை விட்டுப் போயி அறுபது வருஷம் இருக்கும்."

"யாருக்குச் செஞ்சார்?"

"யாருக்குச் செய்யல? வீட்டுக்கு ஒரு ஜோடி, எல்லாம் ஒரே அச்சு. செஞ்சது யாருன்னு நான் சொல்லிட்டேன். யாரோடதுன்னு நூல் சொல்லும். நூல் எங்க தம்பி?"

எனக்கு வேறு வேலை இருந்தது.

சித்தி வீட்டுக் கல்யாணத்தில் ஊசி போயிற்று என்று புலம்பியவர்கள் இரண்டே பேர். செவ்வாய்க்கிழமை ரொட்டி அடுப்புக்காரர் மனைவி மமாஸிடம் போனேன். "என்னோடது கறுப்பு" என்று கதவைச் சாத்தினாள். புதன்கிழமை, ஆர்கான் எண்ணெய் விற்கும் விதவை இஜ்ஜா. "இது யாரோ நேத்து வாங்கின சாமான். என்னோடது கறுப்பு."

"தேய்ச்சதால வெளுத்திருக்கு அத்தே."

"காலேஜ்ல தேய்க்கத்தான் சொல்லிக் குடுக்கிறாங்களா?"

தொலைத்தவர்கள் இருவர். கண்டெடுத்தவன் வாசல் வாசலாக நிற்கிறான். வாங்கிக்கொள்ள ஆளில்லை. உலகத்தில் எந்தத் திருடனுக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

வியாழக்கிழமை தூதா அழ ஆரம்பித்தாள். "வெட்டின நூல் எங்கடா?"

எலுமிச்சைத் தோலோடு ஆட்டு வாளியில் போட்டிருந்தேன். ஓர் ஆராய்ச்சியாளன் காலை முழுவதும் ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்தான் என்பதை வரலாறு பதிவு செய்யத் தேவையில்லை. நூல் அதன் தாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவியதும் நிறம் தெரிந்தது. ஆரஞ்சும் நீலமும், மூன்று முடிச்சு.

இஜ்ஜா அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "என் நூல்! ஊசி எங்கடா?"

நீட்டினேன்.

"நூல் என்னோடது. ஊசி என்னோடது இல்ல."

"அத்தே, இதுலதான் அது கட்டியிருந்தது. உங்க இன்னொரு ஊசியைக் கொண்டு வாங்க, பாத்துடலாம்."

முனகிக்கொண்டே கொண்டுவந்தாள். அந்த ஜோடியை இணைக்கும் சங்கிலி பாதியில் அறுந்து, கறுத்த ஊசியில் தொங்கியது. அதன் கடைசிக் கண்ணியில் ஒரு நெளிவு. என் ஊசியில் மிஞ்சியிருந்த கண்ணியை அதில் வைத்தாள். பொருந்தியது. அவள் பளபளப்பை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"எங்கம்மா காலத்துல இருந்து சேந்த கறுப்புடா, பாவி. எங்க கிடந்துச்சு?"

மறைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. "எங்க வீட்டுப் போர்வையில."

"உங்கம்மா சாபம் விட்டப்ப நானும் ஆமீன் சொன்னேனே." சிரித்துவிட்டாள். "சரி, ரெண்டு பேரும் வாயை மூடிக்குவோம்." நூலை மறுபடி வளையத்தில் கட்டி, இரண்டு ஊசிகளையும் என் கையில் வைத்தாள். "உங்கக்கா போட்டுக்கட்டும். ஒரு தோள் கறுப்பு, ஒரு தோள் வெள்ளை. ஏன் இப்படின்னு யாராவது கேட்டா நீயே நின்னு பதில் சொல்லு."

சனிக்கிழமை மத்தியானம் வரை இருபத்தேழு பேருக்குப் பதில் சொன்னேன்.

சாப்பாட்டுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். வாசலில் ஆண்கள் கழற்றிவிட்ட செருப்புகள். எல்லாம் தோல் செருப்பு, எல்லாம் புதுசு, எல்லாம் ஒரே மஞ்சள். என்னுடையதும்தான். எங்கள் வீட்டுப் பச்சைக் கம்பளி நூலில் ஒரு துண்டு எப்படியோ என் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குனிந்தேன். என் செருப்பின் குதிகால் தையலில் அதைக் கோர்த்து, மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.