த்ராட்டிலில் தொங்கிய சாவி

என் வீட்டுச் சாவியைத் த்ராட்டிலில் மாட்டிவிட்டுத்தான் நான் எஞ்சினுக்குப் பக்கத்தில் போவேன். ரோலண்ட் அண்ணனும் அப்படித்தான். இது கம்பெனி போட்ட விதி இல்லை. நாங்கள் இரண்டு பேருமாக வைத்துக்கொண்ட வழக்கம்.

தெப்ராவில் தொழிற்சாலைகளையெல்லாம் தாண்டிக் கடைக்கோடியில் எங்கள் டெஸ்ட் செல் இருக்கிறது. போர் விமானங்களிலிருந்து கழற்றிப் பழுதுபார்த்த எஞ்சின்கள் திரும்பிப் போவதற்கு முன்னால் எங்களிடம் வரும். தடித்த கான்கிரீட் அறைக்குள் இரும்புத் தாங்கியில் எஞ்சினைக் கட்டிவைத்து ஓட்டிப் பார்ப்போம். பக்கத்து அறையில், கெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால், ஒருவர் த்ராட்டிலை, அதாவது வேகத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முழு வேகத்தில் ஓட்டிவிட்டு ஐடிலுக்கு, அதாவது மிக மெதுவான ஓட்டத்துக்கு, இறக்கியதும் இன்னொருவர் டார்ச் லைட்டோடு உள்ளே போய் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வெளியே இருப்பவர் மறந்துபோய் த்ராட்டிலைத் தள்ளிவிட்டால், உள்ளே போனவரைப் பற்றி அதற்குப் பிறகு பேச ஒன்றும் மிச்சம் இருக்காது.

கம்பெனி அதற்கென்று ஒரு சிவப்பு அட்டை கொடுத்திருந்தது. உள்ளே ஆள் இருந்தால் அதை மாட்ட வேண்டும். ஆனால் அட்டையை மாட்டினால் மாட்டினதுதான், எடுக்க யாருக்கும் ஞாபகம் வராது. அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும், நாங்கள் பாட்டுக்கு த்ராட்டிலை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்போம். வீட்டுச் சாவி அப்படியில்லை. அதை எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. தவிர, உள்ளே போகிறவர் உடம்பில் கழன்று விழக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, எஞ்சின் உறிஞ்சிவிடும். நான் தாலியையே கழற்றி ஒரு டின்னில் போட்டுவிட்டுத்தான் போவேன். லாபிஸில் இருக்கும் என் மாமியார் இதைக் கேள்விப்பட்டு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

ரோலண்ட் அண்ணனுக்கும் எனக்கும் ரத்த உறவு கிடையாது. அவர் யோங் பெங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த கத்தோலிக்கர். என் கல்யாணத்தில் பொரியிடுவதற்கு அண்ணனோ தம்பியோ வரட்டும் என்று ஐயர் கூப்பிட்டபோது, நான் ஒற்றைப் பிள்ளை என்பது எல்லாருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரியப்பா மகன் கார் நிறுத்தப் போயிருந்தான். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ரோலண்ட் அண்ணன் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, மணவறைக்கு வந்து நின்றார். ஐயர் அவர் கழுத்திலிருந்த சிலுவையை ஒரு தடவை பார்த்தார், பிறகு பொரித் தட்டை நீட்டிவிட்டார். நெருப்புக்கு முன்னால் என் கையில் பொரி அள்ளிப் போட்டவர் அவர். அதனால் நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டது வாய்வார்த்தைக்கு இல்லை.

இனி அந்த எஞ்சின் கதைக்கு வருகிறேன். வந்த நாளிலிருந்தே அது மக்கர்தான். எஞ்சினில் அதிர்வை அளக்க இரண்டு சென்சர் இருக்கும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டின் அளவும் எங்கள் திரையில் எண்களாக ஓடும். இந்த எஞ்சினில் பாதி வேகத்தைத் தாண்டியதும் முன்பக்க எண் கிடுகிடுவென்று ஏறும், நான் பயந்து த்ராட்டிலை இழுத்துவிடுவேன். பழுதுபார்க்கும் பிரிவு திறந்து பார்த்துவிட்டு, எஞ்சினில் ஒன்றுமில்லை, உங்கள் சென்சர்தான் பொய் சொல்கிறது என்றது. சென்சரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். எண் மறுபடியும் ஏறியது.

அந்த வெள்ளிக்கிழமை ஆகாயப்படை ஆட்கள் எஞ்சினை எடுத்துப் போக வருவதாக இருந்தது. மேனேஜர் ஹேமநாதன் காலையும் மாலையும் வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. இந்த எஞ்சின் மட்டும் நேரத்துக்குப் போய்விட்டால் ரோலண்ட் பெயர்தான் முதல் பெயர் என்று நடைபாதையில் வைத்துச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாழையிலைக் கடையில் மீன்தலைக் கறி வாங்கித் தர வேண்டும் என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அப்படிச் சொன்ன மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில், எஞ்சின் அடங்கிவிட்டது. பாதி வேகம், முக்கால் வேகம், முழு வேகம் என்று எதற்கும் எண் ஏறவில்லை. எல்லாரும் போன பிறகு தனியாக இருந்து பார்த்ததாகவும், கேபிள் முனை ஒன்று சரியாக உட்காராமல் இருந்ததாகவும் ரோலண்ட் அண்ணன் சொன்னார். ஹேமநாதன் அவர் கையைக் குலுக்கினார். எந்த முனை, எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டியிருக்கிறது?

அன்றிலிருந்து அவருக்கு முட்டி வலி. வழக்கமாக நாங்கள் மாறி மாறித்தான் உள்ளே போவோம். அந்த வாரம் அவரால் குனிய முடியவில்லை என்பதால் ஒவ்வொரு தடவையும் நானே போனேன். சாவியை மாட்டிவிட்டு, காதை மூடிக்கொண்டு, சூடு தணியாத எஞ்சினின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து, ஒவ்வொரு குழாயாகப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார், நானும் காட்டுவேன். என் வீட்டுக்காரர் காளியப்பன் லாரி ஓட்டுகிறவர். யோங் பெங் வழியாக வரும்போது அங்கிருக்கும் சீன மருந்துக் கடையில் முட்டி வலிக்கு எண்ணெய் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை காலையில் அதைக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஓட்டத்தில் த்ராட்டில் அவர் கையில் இருந்தது. நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் ஏற ஏற முன்பக்க எண்ணும் பின்பக்க எண்ணும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. முதலில் நல்லதுதானே என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. நல்ல எஞ்சினிலும் இரண்டும் ஒன்றாக இருக்காது. முன்னால் கொஞ்சம் முந்தும், பின்னால் கொஞ்சம் பிந்தும். இரட்டைப் பிள்ளைகள்கூட ஒரே நேரத்தில் தும்முவதில்லை. இங்கே கடைசி இலக்கம் வரைக்கும் இரண்டும் ஒரே எண்ணாக இருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு அவர் சாப்பாட்டு நேரம், மக்கான் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, கேபிள் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்னால் போய்ப் பார்த்தேன். முன்பக்க சென்சரின் கேபிள் எதிலும் சேராமல் சுருட்டி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. பின்பக்க சென்சரின் கேபிளில் இரட்டை முனை ஒன்றைப் பொருத்தி, இரண்டு துளையிலும் அதையே சொருகியிருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு பேருக்கும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான். சுருட்டி வைத்த கேபிளின் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரிக்கும்போது சுலபமாக இருக்கட்டும் என்று டேப்பின் நுனியை உள்ளே மடித்து விட்டிருந்தது. எங்கள் செல்லில் அப்படி மடிப்பவர் ஒருவர்தான்.

நான் அந்தப் பெட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். என் புத்தி அப்போதும் அவர் பக்கம்தான் வாதாடியது. சென்சர் நிஜமாகவே கெட்டுப்போயிருக்கும், பழுதுபார்க்கும் பிரிவோடு சண்டை பிடிக்க நேரமில்லாமல் இப்படிச் செய்திருப்பார், தப்புதான், ஆனால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் வந்தது. முட்டி வலி ஞாபகம் வந்ததும் அத்தனையும் சரிந்துவிட்டது.

அவர் திரும்பி வந்தபோது நான் த்ராட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஓட்டம் ஒன்று பாக்கி இருந்தது.

“இந்தத் தடவ நீங்க உள்ள போங்கண்ணே. நான் த்ராட்டில் பிடிக்கிறேன்.”

முட்டியைத் தடவிக் காட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெட்டி சுவரிலிருந்து நகர்ந்திருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அலமாக், அது வெறும் சென்சர் பிரச்சன லா, தேனு. எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. நான் எத்தன வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“அப்ப சாவிய மாட்டுங்க.”

“என்னா?”

“எஞ்சினுக்கு ஒண்ணுமில்லன்னா சாவிய மாட்டிட்டு உள்ள போங்க. முழு ஸ்பீடுல ஓட்டி எறக்கித் தரேன். நான் படுத்த எடத்துல நீங்க படுத்துப் பாருங்க.”

சாவியைப் பையிலிருந்து எடுத்தார். புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத் திருவிழாவில் அவர் மனைவி அமலோற்பவம் அண்ணி வாங்கித் தந்த புனித அன்னம்மாள் பதக்கம் அதில் தொங்கியது. அவர் அதை மாட்ட வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மாட்டியிருந்தால் போதும், எஞ்சினை நான் ஸ்டார்ட்கூடச் செய்திருக்க மாட்டேன். சென்சர்தான் என்று நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன். சாவி த்ராட்டிலுக்குப் பக்கம் வரை வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைக் கைக்குள் மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அவருக்கு மடி நிறையக் கனம் இருந்திருக்கிறது, அதைத் தூக்கி என் தலைமேல் வைத்து என்னை நடக்கவிட்டிருக்கிறார்.

“ஐடில்ல ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஆவாதுன்னா நீங்க ஏன் போவல? நான் வாங்கித் தந்த எண்ணெய எந்த முட்டியில தேச்சீங்க?”

எனக்கு அழுகை வந்தது, அவர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு திருடன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். கூடவே இருந்து குழி பறிப்பது என்று காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். அந்தக் குழியில் என்னைப் படுக்க வைத்து, கண்ணாடி வழியாகக் கட்டை விரலையும் தூக்கிக் காட்டியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஹேமநாதனைக் கூப்பிட்டேன். பெட்டிக்குப் பின்னால் அழைத்துப் போய்க் காட்டி, ரோலண்ட்தான் இதைச் செய்தார் என்று அவர் இருக்கும்போதே சொன்னேன். அண்ணன் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. ஹேமநாதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு ஆட்கள் வருகிறார்களே என்றார். வரட்டும், இதைக் காட்டுவோம் என்றேன். முன்பக்கக் கேபிளை அதன் துளையில் சொருகி, உள்ளே யாரும் இல்லாமல், நானே எஞ்சினை ஓட்டினேன். பாதி வேகம்கூட வரவில்லை, எண் ஏறிச் சிவப்பு எல்லையைத் தொட்டது. அணைத்துவிட்டேன். எஞ்சின் சுற்றி ஓயும் வரைக்கும் அறைக்குள் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ரோலண்ட் தன் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கதவருகில் நின்று திரும்பினார்.

“மேனேஜர்கிட்ட போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, தேனு. இப்படிப் பண்ணிட்டியே.”

நான் கேட்க வேண்டியதை அவர் என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் எஞ்சினை மறுபடியும் திறந்தார்கள். முன்பக்கப் பேரிங்கின் கூடு விரிசல் விட்டிருந்தது. இன்னும் சில ஓட்டம் போயிருந்தால் உடைந்து, பிளேடுகளையெல்லாம் வெளியே எறிந்திருக்கும் என்று பழுதுபார்க்கும் பிரிவின் தலைவர் வந்து சொன்னார். முதலில் பார்த்தபோது எப்படித் தப்பியது என்று அவரிடம் நான் கேட்டேன், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சூப்பர்வைசர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அமலோற்பவம் அண்ணி இரண்டு தடவை போன் பண்ணினார். நான் எடுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே நான் பூட்டுக் கடைக்குப் போனேன். நல்ல பூட்டுதான், கெட்டுப்போகவில்லை. ஆனாலும் அந்த வாரமெல்லாம் அவர் பிடித்திருந்த த்ராட்டிலில் தொங்கிய அந்தச் சாவியை மறுபடியும் கையால் தொட எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரரைக் கூட்டி வந்து வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு போட வைத்தேன். காளியப்பன் லாரியிலிருந்து இறங்கி வந்து, தன் சாவி சேராமல் கொஞ்ச நேரம் திருகிப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார். திறந்தேன்.

“என்னா, சாவி தொலஞ்சி போச்சா?”

“தொலையல,” என்றேன். “அண்ணன் கையில இருந்துச்சி.”