நேரில் பார்த்தேன், இருவர்தான்

பெரியவளும் சின்னவளும் ஒரே பிரசவத்தில் சற்று முன்பின்னாகப் பிறந்தவர்கள். அந்தச் சற்று நேரத்தை வைத்துக்கொண்டு பெரியவள் நாற்பது வயது தாண்டியும் அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். சின்னவளும் "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே, எதையும் தன் இஷ்டப்படிதான் செய்வாள். முகம், உயரம், நடை, தும்மல் வரைக்கும் இருவருக்கும் ஒன்றுதான். பெயரில்கூட ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். பின்னாளில் ஒரு கம்ப்யூட்டர் அதில் தடுக்கி விழும் என்று அவர்கள் கண்டார்களா?

ஒரே வீட்டில் மாடியில் பெரியவள் குடும்பம், கீழே சின்னவள் குடும்பம். வேலையும் ஒரே இடத்தில்தான். ஷாம்பு நிரப்பும் தொழிற்சாலையில் சின்னவள் மூடி முறுக்கும் மெஷினில் நிற்பாள்; அவள் முறுக்கி அனுப்பிய பாட்டில் நகர்ந்து போய்ப் பெரியவளிடம் லேபிள் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் முதலாளி கம்பெனியை இழுத்து மூடினார். ஆளுக்கு ஒரு பெட்டி ஷாம்பைக் கையில் கொடுத்து, "போய் வாங்கம்மா" என்று அனுப்பிவைத்தார்.

"கவலையே வேணாம். வேலை போனவங்களுக்கு உதவித்தொகை உண்டு. நான் போட்டுத் தர்றேன்," என்றார் பெரியவளின் கணவர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்; கம்ப்யூட்டரையும் ஸ்டீயரிங்கைப் போலவே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அன்று மாலையே மனைவிக்கும் கொழுந்தியாளுக்கும் அடுத்தடுத்து விண்ணப்பம் போட்டு முடித்துவிட்டார்.

பெரியவளுக்குச் சொன்ன நேரத்தில் பணம் வந்தது. சின்னவளுக்கு வரவில்லை. "வரும், வரும்" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமும் வரவில்லை.

சின்னவள் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் குழைந்துவிட்டு ஓடிப்போனது. அப்புறம் ஒரே புல்லாங்குழல். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைத்தாள், துணி மடித்தாள், பாத்திரம் கழுவினாள். அந்த மெட்டு அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த புருஷன் அதைக் கேட்டபடியே விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனான். கடைசியில் ஒரு நாள் நிஜமான மனிதர் ஒருவர் பேசினார். "பரிசீலனையில இருக்கும்மா" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் போன் செத்துப்போனது.

சரி, நேரிலேயே போய்விடலாம் என்று நேரம் பதிவு செய்துகொண்டு அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளைஞன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"உங்களுக்குத்தான் பணம் போயிட்டிருக்கே! போன வாரம்கூட வந்து, இன்னும் வேலை கிடைக்கலன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனீங்களே?"

"அது எங்க அக்கா சார்."

"அதே பிறந்த தேதி, அதே வீட்டு நம்பர், அதே கம்பெனி, அதே அப்பா பேரு. பேருல ஒரு எழுத்து தப்பா அடிச்சு ரெண்டாவது தடவை போட்டிருக்கீங்கன்னு காட்டுதும்மா."

"தப்பா அடிக்கல சார். தப்பில்லாம பெத்திருக்காங்க. நாங்க ரெட்டை."

இளைஞன் சிரிக்கவில்லை. "இந்த மாதிரி நிறைய பேர் சொல்றாங்கம்மா," என்று ஏதோ தட்டி வைத்துக்கொண்டான்.

அந்தத் தட்டலின் பலன் மறு வாரம் தெரிந்தது. பெரியவள் வழக்கம்போலக் கையெழுத்துப் போடப் போயிருக்கிறாள். "அன்னைக்கு தங்கச்சின்னு வந்தீங்க. இன்னைக்கு அக்காவா?" என்று கேட்டிருக்கிறான் அவன். பெரியவளுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். சத்தம் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் அவள் போனுக்குச் செய்தி வந்தது: விசாரணை முடியும்வரை உங்கள் உதவித்தொகை நிறுத்திவைக்கப்படுகிறது.

திடுதிடுவென்று மாடிப்படி அதிர அவள் இறங்கி வரும் சத்தத்திலேயே சின்னவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன்னால் அக்கா வீட்டுச் சாப்பாட்டிலும் மண் விழுந்ததே என்று அடுப்பை அணைத்தாள்.

"என்னடி பண்ணிட்டு வந்தே? வந்துட்டிருந்ததும் போச்சு!"

"நான் நீயில்லன்னுதான்கா சொன்னேன்..."

"அதை எதுக்குடி என் மூஞ்சிய வச்சுக்கிட்டு சொன்னே?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது பெரியவளுக்கே உறைத்தது. வாய் கோணியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சின்னவளும் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். என்ன ஆச்சோ என்று மேலேயிருந்து மாமா இறங்கி வந்து பார்த்தார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வழிய ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அழுகையா சிரிப்பா என்று விளங்காமல், வந்த வழியே ஏறிப் போய்விட்டார்.

"சேர்ந்து போவோம்," என்றாள் பெரியவள் மூச்சு வாங்கிக்கொண்டு. "யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போடு."

விசாரணைக்கு என்று பெரியவளுக்கு மட்டும் ஒரு நேரம் கொடுத்திருந்தார்கள். தொழிற்சாலையின் நீலச் சீருடையில், ஒரே மாதிரிக் கொண்டை போட்டுக்கொண்டு, இருவரும் போய் நின்றார்கள். வாசல் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தாம்மா உள்ள போகலாம்."

"உங்க ஆபீஸ் கணக்குல நாங்க ஒரு ஆள்தாங்க," என்றாள் சின்னவள். "அதைச் சரிபண்ணத்தான் வந்திருக்கோம். விடுங்க."

காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "போங்க, போங்க. நான் ஒருத்தரைத்தான் பார்த்தேன்," என்று கதவைத் திறந்துவிட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் தலையைத் தூக்கினான். தூக்கிய தலை அப்படியே நின்றது. கையிலிருந்த பேனா மேஜையில் உருண்டு கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. "மேடம்... கொஞ்சம் வாங்களேன்," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

மேலதிகாரி அம்மாள் டீக் கோப்பையோடு வந்தார். பார்த்தார். கோப்பையை ஓரமாக வைத்தார்.

"கம்பெனியில என்ன வேலை பார்த்தீங்க?"

"லேபிள்," "மூடி," என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

"ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்கம்மா. எந்த வாய் பேசுதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

விரல் ரேகை பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். பெரியவள் விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. சின்னவள் வைத்தாள். சிவப்பு எரிந்து, பதிவில் இல்லை என்று வந்தது. அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"இது நல்ல சேதிம்மா!" என்றார் அதிகாரி. "நீங்க உங்க அக்கா இல்லன்னு ஆயிடுச்சில்ல? உங்க விண்ணப்பத்தை அக்காவோடதுல ஒட்டி வச்சிருக்கு. பிரிச்சுப் புதுசா ஏத்திடலாம்." தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டினார். ஓர் இடத்தில் நின்றார். "காரணம் எழுதாம விடமாட்டேங்குது." சற்று யோசித்தார். அப்புறம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார்: "நேரில்... பார்த்தேன். இருவர்தான்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் அதுவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. யாரோ கை தட்ட, கூடமே கலகலத்தது. சின்னவள் மட்டும் கண்ணாடியை ஒட்டி நின்று, திரை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் "ரெட்டையில ஒண்ணு". தெருவில் "அவங்களா நீங்களா?" தொழிற்சாலையில் மேஸ்திரி இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பேரால்தான் கூப்பிடுவார். அவள் தனி ஆள் என்று ஒருவர் பார்த்து, எழுதியும் வைத்தது இதுவே முதல் தடவை. திரையை ஒரு தரம் காட்டச் சொல்லலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றான் இளைஞன், காது சிவக்க.

"பரவால்ல தம்பி. என் வீட்டுக்காரரே ஒரு தடவை பின்னாலேர்ந்து பார்த்துட்டு, காய்கறிப் பையை அக்கா கையில கொடுத்து, உப்பு கம்மியா போடுன்னு சொல்லிட்டுப் போனவருதான்."

அதற்குப் பிறகும் பணம் ஆடி அசைந்துதான் வந்தது. ஒரு நாள் காலையில் இரண்டு வீட்டுப் போனும் ஒரே நேரத்தில் ஒலித்தன. பெரியவளுக்கு நிறுத்திவைத்தது வந்திருந்தது; சின்னவளுக்கு முதலிலிருந்து வர வேண்டியது மொத்தமும் வந்திருந்தது. "அக்கா!" என்று இவள் மேலே ஓட, "ஏய்!" என்று அவள் கீழே ஓடிவர, படி திரும்பும் இடத்தில் இருவரும் மோதிக்கொண்டார்கள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்று மாமா பள்ளிப் பேருந்தில் ஏறிய பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். காரணம் கேட்ட பிள்ளைகளிடம், "என் கொழுந்தியா பொறந்திருக்கா," என்றார்.

மழைக்காலம் வருவதற்குள் வேலையும் கிடைத்தது. பெரியவளுக்கு பிஸ்கட் கம்பெனியில். சின்னவளுக்கு மருத்துவமனையில், துணி வெளுக்கும் பிரிவில். முதல் நாள் தனியாகப் பேருந்தில் போகும்போது சின்னவளுக்கு ஒரு கை குறைந்த மாதிரி இருந்தது. யாரும் அவளை இன்னொருத்தி என்று நினைத்துக் கூப்பிடவில்லை. பேர் கேட்டார்கள், சொன்னாள், அந்தப் பேரையே சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் பெரியவள் காத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் பாட்டில் நகரும் ஒரே பெல்ட்டுக்கு முன்னால் நின்றவர்கள். ஒருத்தி பார்த்ததை மற்றவளும் பார்த்திருப்பாள், சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இன்று அப்படியில்லை.

"அக்கா, அங்க ஒரு சூப்பர்வைசர் இருக்கா பாரு..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"இரு, இரு. முதல்ல நான் சொல்றேன். நான்தான் மூத்தவ!"

வீடு வரும்வரை இருவரும் வாயை மூடவில்லை. வாசலில் நின்றும் கொஞ்ச நேரம் பேசினார்கள்.