போட்டியில்லாத தங்கம்

லாவண்யா முதல் தங்கப் பதக்கம் வாங்கியபோது அவளோடு போட்டி போட ஒருத்தியும் இல்லை. பள்ளியின் கோகோ அணியில் இடம் கிடைக்காமல் நின்றவளை, "சும்மா வந்து தூக்கிட்டுப் போ" என்று பி.டி. டீச்சர் சகாயமேரிதான் மாவட்டப் பளுதூக்கும் போட்டியில் சேர்த்துவிட்டார். அவள் எடைப்பிரிவில் வேறு பெயரே இல்லை. கம்பியில் குட்டித் தட்டுகளை மாட்டித் தூக்கினாள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சேவூரில் பட்டுத்தறி ஓட்டும் அவள் அப்பா சுப்பராயலு விஷயம் கேட்டதும் தறியை அப்படியே நிறுத்திவிட்டு பிளெக்ஸ் கடைக்கு ஓடினார். மறுநாள் ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரே மகள் படம் நின்றது: 'ஆரணியின் இரும்பு மங்கை.'

"அப்பா, நான் ஒருத்திதான்பா தூக்குனேன். எதிர்ல ஆளே இல்ல."

"அதத்தாம்மா நானும் சொல்லிகினு இருக்கேன். உன்னப் பாத்து எவளும் வரல."

தெருவும் அப்படித்தான் நம்பியது. யார் வீட்டுக்கு சிலிண்டர் வந்தாலும் மாடிக்கு ஏற்ற லாவண்யாவைத்தான் கூப்பிட்டார்கள். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, கீழே நிற்பவர்களைப் பார்த்துச் சிரித்து வைப்பாள். ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு சகாயமேரியிடம் போய் நின்றாள்.

"டீச்சர், நெசமாவே தூக்கக் கத்துக் குடுங்க. தெருவுல ஒரே பேஜாரா கீது."

அடுத்த ஆண்டு அவள் பிரிவுக்கு நாலு பேர் வந்தார்கள். லாவண்யா கடைசி. தெள்ளாரிலிருந்து வந்த கீதா என்ற பெண், தண்ணீர்க் குடம் தூக்குவதுபோல அலட்டிக்கொள்ளாமல் தூக்கி முதலிடம் வாங்கினாள். திரும்பும் பஸ்ஸில் சுப்பராயலு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாவண்யாவோ ஆரணி வரும்வரை கீதாவைப் பற்றியே பேசினாள். அவள் எப்படிக் குந்தினாள், முதுகு வளையாமல் எப்படி எழுந்தாள் என்று சொல்லச் சொல்ல, தோற்றவள் முகமா இது என்று அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதன்பின் அவர்கள் இருவருக்கும் நடுவேதான் போட்டி. ஒரு முறை இவள், ஒரு முறை அவள். கீதா பயிற்சிக்கு மட்டம் போட்டால் லாவண்யா போன் போட்டுத் திட்டுவாள். இருவரும் மாநில அணிக்குப் போனார்கள். பிறகு தேசியப் போட்டி வந்தது.

அங்கே காலையில் எடை பார்த்தபோது கீதா வரம்பைத் தாண்டி நின்றாள். மூக்குத்தியைக் கழற்றிப் பார்த்தாள், முள் அசையவில்லை. எடை பார்க்கும் நேரம் முடிவதற்குள் குறைக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான்.

"நீ போய் உக்காரு. அவ இல்லன்னா தங்கம் உனக்குத்தான்" என்றார் அணியின் பயிற்சியாளர்.

வேர்த்து எடை இறங்கட்டும் என்று லாவண்யா தன் ஸ்வெட்டரையும் கீதா மேல் மாட்டிவிட்டு, கையைப் பிடித்து இழுத்தாள். "ஜல்தியா ஓடுடி." இருவரும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். எச்சில் போனாலும் எடை குறையும் என்று கீதா வழியெல்லாம் துப்பினாள். நடுநடுவே லாவண்யாவின் பரம்பரையையே திட்டினாள். கடைசி நிமிடத்தில் எடை சரியாக வந்தது.

போட்டியில் கீதா முந்திவிட்டாள். அவளைத் தாண்ட, லாவண்யா இதுவரை தொடாத எடையைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டாள். கம்பி மார்பில் ஏறியதும் கண் இருட்டியது. தலைக்கு மேலே உயர்த்தியபோது இடது முழங்கால் தனியாக ஆடியது. 'இறக்கு' என்ற சைகை வர ஒரு யுகமானதுபோலிருந்தது. வந்தது. தூக்கியது செல்லும் என்று மூன்று நடுவர்களின் வெள்ளை விளக்குகளும் எரிந்தன.

பதக்கங்களோடு வெளியே வந்தபோது கீதா நொண்டிக்கொண்டிருந்தாள்.

"உன்னாலதான்டி தோத்தேன் எரும. ஓடி ஓடி என் காலே செத்துப்போச்சு."

"நானுந்தான உன்கூட ஓடுனேன்?"

"அதான்டி எனக்கு இன்னும் எரிச்சலா கீது."

வண்டிக்கடையில் ஆளுக்கொரு தட்டு பூரி வாங்கினார்கள். கீதா தன்னுடையதை முடித்துவிட்டு, கேட்காமலே லாவண்யாவின் தட்டுக்குள் கைவிட்டாள்.