ரீலோடு வேண்டாம்

செம்மேட்டு உரக்கடை மாடியில் நடக்கும் எங்கள் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு உதவி ஆசிரியர் ஒருவர் வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்க இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சார் வந்தார். வேலை எனக்குக் கிடைத்தால் அப்பா என்னைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்ப மாட்டார்.

நான் எழுதியது மலை பஸ்களை நேர வரிசையில் காட்டும் புரோகிராம். அது மத்தியானம் 1.15 பஸ்ஸைக் காலை 6 மணி பஸ்ஸுக்கு முன்னால் போட்டது. பலமுறை சரிபார்த்தும் கடைசி நேரத்தில்தான் கண்ணில் பட்டது. எனக்கு எப்போதும் இப்படித்தான். முதல் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, வகுப்பு நடத்தும் செல்லமுத்து மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அதனால் ஒயரால் இணைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறந்து, திருத்தி, சேமித்தேன்.

சார் உட்கார்ந்ததும் மாஸ்டர் விசைப்பலகையைத் தொட்டார். திரையில் எடிட்டர் ஆங்கிலத்தில் கேட்டது: இந்த ஃபைலை வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள், ரீலோடு செய்து புதியதைக் காட்டட்டுமா?

"யெஸ் குடுங்க மாஸ்டர்," என்றேன்.

மாஸ்டர் முன்பு லாரி ஆபீசில் பலாப்பழ லோடுக்குச் சீட்டு எழுதியவர். "ஏன் கண்ணு, ஏத்துன லோடை எறக்கி மறுக்கா ஏத்த நமக்கென்ன கிறுக்கா?" என்று நோ அழுத்தினார். கையோடு பழையதையே சேமித்தும் விட்டார். என் திருத்தம் போயிற்று.

புரோகிராம் ஓடியது. சார் புருவத்தைத் தூக்கினார். "முதல் பஸ்ஸே ஒன்னேகாலுக்கா?"

"மலைங்க சார். காலை பஸ்ஸு வந்தாத்தானுங்க நெசம்," என்றார் மாஸ்டர்.

"யதார்த்தமா எழுதியிருக்குது பொண்ணு," என்றார் சார்.

பேசாமல் இருந்திருக்கலாம். "தப்புங்க சார், இது பழைய புரோகிராம். ரீலோடு பண்ணியிருந்தா சரியா வந்திருக்குமுங்க," என்றேன்.

சார் திரையைப் பார்த்தார். ரீலோடு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதே வேலைக்கு வந்து பக்கத்தில் நின்ற மணிவண்ணனிடம் திரும்பினார். அவன் இதுவரை ஒரு புரோகிராமும் முடித்ததில்லை. "நீ என்னப்பா சொல்றே?"

"மாஸ்டர் சொன்னாச் சரிதானுங்க சார்."

வேலை அவனுக்குக் கிடைத்தது.

போகும்போது சார், மானிட்டர் மேல் ஓர் அறிவிப்பு ஒட்டச் சொன்னார்: 'ரீலோடு கேட்டால் நோ அழுத்தவும்.' மணிவண்ணனின் கையெழுத்து அவனுக்கே புரியாது. என்னை எழுதச் சொன்னார்கள். ஸ்கேலால் கோடு போட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, ஒட்டிவிட்டு வந்தேன்.

அம்மா திருப்பூருக்குப் பை எடுத்து வைக்கிறாள்.