நான்கு கிலோ விறைப்பு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் எடை போட்டுப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது என்பது தராசுக்காரரின் தீராத குறை. பொட்டலத்தின் மேல் ஐந்நூறு கிராம் என்று அச்சடித்திருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். அச்சடித்தவன் என்ன அரிச்சந்திரனுக்குத் தம்பியா? நாற்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசு ரிப்பேர் பார்த்தவர் அவர். தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியவனையும் தெரியும், முள்ளை வளைத்து வைத்தவனையும் தெரியும்.

அப்பேர்ப்பட்டவர் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால், டாக்டர் என்ன செய்தார்? எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் அந்தம்மாவின் இடது கால் கட்டை போட்டது போல் விறைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால்கூட முழங்கால் மடங்காமல் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். டாக்டர் அதை இரண்டு தடவை மடக்கி நீட்டினார். அவ்வளவுதான். உடனே சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"எவ்வளவு விறைப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் தராசுக்காரர்.

"கையில பிடிச்சாலே தெரியும் ஐயா."

"கையில பிடிச்சு நானும்தான் கிலோ சொல்லுவேன். கடையில ஒத்துக்குவானா?"

"அவரை விடுங்க டாக்டர்," என்றாள் மனைவி. "எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பாத்ரூமுக்கு நானா எழுந்து போகணும், நானா தாப்பாள் போட்டுக்கணும். இவர் கதவைப் பிடிச்சுக்கிட்டு 'ஆச்சா, ஆச்சா'ன்னு கேக்கறது எனக்குச் சகிக்கல."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: தசையைத் தளர்த்துகிற மாத்திரை இது. ஒரு வேளைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று வேளை. சில நாள் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். ஆனால் தான் சொன்னால்தான் ஏற்ற வேண்டும். தூக்கம் வரும், தலை சுற்றும். தூக்க மாத்திரையோ இருமல் மருந்தோ கேட்காமல் கூடச் சேர்க்கக் கூடாது. முக்கியமாக, நினைத்த மாத்திரத்தில் விட்டுவிடவும் கூடாது.

"வேணாம்னாலும் விட முடியாதாம்," என்று வீடு திரும்பும் வழியெல்லாம் தராசுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "மருந்தா இது, வீட்டோட வந்து உக்கார்ற மச்சினனா?"

"எங்க அண்ணனை எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து கொக்கித் தராசை இறக்கினார். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்காலில் துண்டைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டிப் பின்பக்கமாக இழுத்தார். முழங்கால் மடங்க ஆரம்பித்தபோது முள் ஏழு கிலோவில் நின்றது. சமையலறைக் கதவின் பின்பக்கம் சாக்பீஸால் ஏழு என்று எழுதினார். சந்தேகம் வந்து மறுபடி வெடுக்கென்று இழுத்தார். ஒன்பது! மெதுவாக, பூனை நடப்பது போல இழுத்தார். ஐந்து!

தராசில் கோளாறோ என்று மூன்று கிலோ இரும்புக் கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சொல்லிவைத்தாற்போல் மூன்று காட்டியது. அப்படியென்றால் கோளாறு காலில். ஒரே காலுக்கு இழுப்புக்கு ஒரு எடையா? அன்று சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. கவலையால் இல்லை, யோசனையால்.

"என்னய்யா இது, இழுக்கிற வேகத்துக்கு ஏத்த மாதிரி பேச்சை மாத்துது?"

"நாற்பது வருஷம் உங்க கூடக் குடும்பம் நடத்தின காலு," என்றாள் அவள். "அதட்டினா முறைக்கும், தன்மையாக் கேட்டா இறங்கி வரும்."

அதற்குப் பிறகு எப்போதும் ஒரே நிதானத்தில் இழுத்தார். நாள் போகப் போகக் கதவில் எண் இறங்கியது. ஏழு ஆறானது. டாக்டர் வேளைக்கு இரண்டு மாத்திரையாக ஏற்றியபின் ஐந்து, அப்புறம் நான்கு. அவள் கோலை ஊன்றிப் பாத்ரூமுக்குப் பாதி வழி போய்விட்டாள். மீதிப் பாதிக்கு அவர் தோள் வேண்டியிருந்தது.

அங்கேதான் தராசுக்காரரின் புத்தி தராசுப் புத்தியாகவே போயிற்று. பாரம் இல்லாத தராசில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நான்கில் நின்றால் அது பழுது. மாத்திரைக்குத்தான் இறங்குகிறது என்று எழுதியே வைத்திருக்கிறதே, டாக்டரைக் கேட்க என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் இரண்டுக்குப் பதில் நான்கு கொடுத்தார். மத்தியானமும் நான்கு.

"கூட இருக்கற மாதிரி இருக்கே?"

"எண்ணிப் பழகின கை இது. முழுங்கு."

மூன்று மணிக்குக் கொக்கியை மாட்டினார். முள் அரை கிலோவைக்கூடத் தாண்டவில்லை. கால் ஊஞ்சல் மாதிரி ஆடியது. தொடையைத் தட்டிக்கொண்டு, "எழுந்திரு! நடந்து காட்டு!" என்றார்.

அவள் எழுந்தாள். இடது கால் நனைந்த துணி போல மடிந்தது. தாங்கப் போனவரும் அடியில் விழுந்தார்.

"மெத்தையா... நீங்க... இருந்தீங்க... நல்லவேளை," என்றாள் அவள். வார்த்தைகள் குழறின. கண் சொருகியது. அந்தக் குழறலைக் கேட்டதும் அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ஆம்புலன்ஸில் போய் இறங்கியதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை மாத்திரை?"

நான்கு என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. முள்ளை வளைத்தவர்களின் முகமெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றது.

"எட்டு," என்றார். "நான்தான் கொடுத்தேன். அவ கேட்டா, நான் அதட்டினேன்."

மூச்சு, நாடி எல்லாம் பார்த்து, மறுநாள் வரை அவளைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அவள் தெளிவாகக் கண்ணைத் திறந்து, "தராசைக் கொண்டு வரலையே?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

கால் பயிற்சி கொடுக்கிற பெண் வந்து விசாரித்தாள். கதவில் எழுதியதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். ஒன்பதும் ஐந்தும் வந்த கதையைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அதேதான் ஐயா! வேகமா இழுத்தா எதிர்க்கும், மெதுவா இழுத்தா விட்டுக்கொடுக்கும். இந்த விறைப்போட குணமே அதுதான். நீங்களாக் கண்டுபிடிச்சீங்களா?"

"அது கெடக்கட்டும். பூஜ்யத்துக்கு வந்த கால் ஏன் நிக்கல?"

"அந்தக் கால்ல சொந்த பலம் கம்மி. விறைப்பை ஊன்றித்தான் அம்மா நிக்கிறாங்க. அதை மொத்தமா எடுத்துட்டா எதை ஊன்றுவாங்க?"

"அப்ப மருந்தே வேணாம். இன்னையோட விட்டுடுவோம்."

பின்னால் வந்து நின்ற டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுதான் அடுத்த தப்பு. இத்தனை நாள் சாப்பிட்டதைத் திடீர்னு விட்டா விறைப்பு முன்னைவிட மோசமாத் திரும்பும், வலிப்புகூட வரலாம். ஏத்தறதும் இறக்கறதும் என்னைக் கேட்டு, படிப்படியா. இப்ப பழையபடி வேளைக்கு ரெண்டு. எப்ப ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன்."

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் இழுத்துப் பார்த்தார். நான்கு. அசையாத நான்கு. பயிற்சிக்காரப் பெண் தினமும் வந்து பழக்கியிருந்தாள். மனைவி எழுந்தாள். கோலை ஊன்றினாள். விறைத்த காலை முன்னால் வைத்து, அதன்மேல் பாரத்தை ஏற்றி, அடுத்த காலை எடுத்தாள். பதினோரு எட்டு வைத்தாள். அவர் தோளைத் தேடவில்லை. பாத்ரூம் கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கையில் தராசோடு கதவருகே நின்றார்.

"ஆச்சா?"

"போங்க அந்தப் பக்கம்!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீங்க பிடிச்ச முயலுக்குத்தான் மூணு காலு. எனக்கு ரெண்டு போதும்."

சமையலறைக் கதவில் நான்கு என்று எழுதினார். எழுதியதை முறைத்துப் பார்த்தார். சரியாகத்தான் நடக்கிறாள், இல்லை என்று யார் சொன்னது? ஆனாலும் பாரமே இல்லாமல் நான்கு கிலோ காட்டுகிற சாமானுக்கு அவர் சர்வீசில் எந்த எடையளவு அதிகாரி முத்திரை குத்தியிருப்பான்? கடிகாரத்தைப் பார்த்து, காலை வேளைக்கு இரண்டு மாத்திரையை எண்ணி மேஜைமேல் வைத்தார். இன்னொரு தடவை எண்ணினார்.

"பூஜ்யத்துக்கு வராதது சரியில்லாததுதான்," என்று சாத்திய பாத்ரூம் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தராசைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.