பெட்டிக்குள் இல்லாத சுருள்

யோஸ்பெல் மீட்டரின் இரண்டு முனைகளையும் கூரைமேல் இருந்த சூரிய மின்தகட்டிலிருந்து இறங்கும் கம்பிகளில் வைத்தான். பதின்மூன்று வோல்ட் காட்டியது. பேட்டரியில் வைத்துப் பார்த்தான். அங்கும் பதின்மூன்று. வெளியே உச்சி வெயில், பொட்டு மேகம் இல்லை. தகடு முப்பதுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். அவனுக்குக் காது மடல் சூடானது.

மேடு வந்தால் சைக்கிளில் கியர் மாற்றுகிறோமே, தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாட்டும் பெட்டி செய்வது அந்த வேலைதான். தகட்டிலிருந்து கரண்டை அதிகமாக இழுத்தால் வோல்ட் விழுந்துவிடும், குறைவாக இழுத்தால் வெயில் வீண். நடுவில் எங்கோ முழுச் சக்தியும் கிடைக்கிற ஒரு புள்ளி உண்டு. மேகம் வந்தால் அதுவும் நகர்ந்துவிடும். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, அதை விடாமல் துரத்த வேண்டும். இந்தப் பெட்டி எதையும் துரத்தவில்லை. தகட்டைப் பேட்டரியோடு நேராகக் கட்டிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. மூடியைக் கழற்றினான். அந்தக் கியர் வேலைக்கு இல்லாமல் முடியாத செம்புச் சுருள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன் அவன் இதை மாட்டியபோதே கைக்கு லேசாகத்தான் இருந்தது. மேலே எம்.பி.பி.டி. என்று, புள்ளியைத் துரத்தும் வகையின் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே, அது போதும் என்று விட்டுவிட்டான். ஹோல்கின் ஊரில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நெரெய்தாவின் கொய்யா ஐஸ் வியாபாரம் இந்தத் தகட்டை நம்பித்தான் ஓடியது. ஐஸ் உறையவில்லை என்று அவள் கூப்பிட்டபோது மீட்டரைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. பெரிய மேதாவி மாதிரி, “வீட்டுல யாரோ கரண்ட் இழுக்கறாங்கக்கா” என்றான்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். நெரெய்தாவும், பின்னறையில் இருக்கும் அவள் நாத்தனார் எலோய்னாவும். அன்றைக்கே பின்னறைக் கம்பி வெட்டப்பட்டது. அப்புறமும் ஐஸ் உறையவில்லை. இரண்டாம் முறை வந்தவன், “இன்னும் எங்கியோ கொக்கி போட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். எலோய்னா திருடி என்று தெருவே பேசியது.

“கண்டுபுடிச்சிட்டியா தம்பி?” நெரெய்தா காப்பியோடு வந்தாள். பின்னறைக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள். “எங்க கொக்கி போட்டிருக்கா மகாராணி?”

பெட்டி பழுதாகிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று சொன்னால் போதும். ஐஸ் உறையும், அவன் பேரும் கெடாது. அப்படி நினைத்ததற்கே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

“யாரும் எடுக்கலக்கா. பெட்டி போலி. நான் பாக்காமயே சொல்லிட்டேன்.”

“ரெண்டு தடவ சொன்னியே!”

“ரெண்டு தடவயும் பாக்கல.”

நெரெய்தா கோப்பையை மேசையில் வைத்தாள். குடி என்று சொல்லவில்லை.

பின்னறைக் கதவு திறந்தது. எலோய்னா வந்தாள். விசிறி இல்லாத அறையின் புழுக்கத்தில் கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்திருந்தது. அண்ணன் பெண்டாட்டியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“என்ன இல்லன்னு எனக்கும் காட்டு.”

யோஸ்பெல் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தான். பெட்டியை அவள் பக்கம் திருப்பினான். “இங்கம்மா. இந்த எடத்துல ஒரு சுருள் இருக்கணும்.”

“இத்தனூண்டு எடமா?”

அவள் ஆள்காட்டி விரலை அந்தக் காலி இடத்துக்குள் விட்டு, நான்கு மூலையையும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். யோஸ்பெல் பெட்டியை அவளுக்கு வாகாகச் சாய்த்துப் பிடித்தான். நெரெய்தா தரையைப் பார்த்தபடி நின்றாள். எலோய்னா விரலை எடுக்கவில்லை.