ஆலை எரிந்த மாதம்

மாப்பிள்ளையின் பெரியம்மா இசோ, கிசேயின் வீட்டு வாசலைத் தாண்டிப் பக்கத்திலிருந்த மினேயின் வீட்டுக்குள் நுழைவதை, ஓடைக்கரையில் குந்தியிருந்த அவள் இரண்டு வீட்டுக்கும் இடையிலிருந்த இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த முள்ளங்கி நழுவித் தண்ணீரில் விழுந்தது. எட்டிப் பிடித்தாள். விசாரிக்க வருவார்கள் என்பது தெரிந்ததுதான். பெண் எடுக்கிற வீட்டார் பெண்ணைப் பெற்றவளிடமா உண்மையைக் கேட்பார்கள்? அக்கம்பக்கத்தில்தான் கேட்பார்கள். யார் வீட்டில் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். தெருமுனைத் தவிட்டுக் கடையில் கேட்டிருந்தால் அவள் மகள் ஹத்சுவைத் தங்கம் என்று சொல்லியிருப்பார்கள். மினேயிடம் போய்க் கேட்க வேண்டுமா?

மினே வீட்டு அடுக்களையின் பின்கதவு ஓடையைப் பார்த்தபடி இருக்கும். புகை போவதற்காக அதை ஒரு சாண் திறந்தே வைத்திருப்பாள். உள்ளே பேசுவது ஓடைக்கரையில் கேட்கும். எழுந்து போய்விடுவதுதான் மரியாதை என்று கிசேவுக்குத் தெரியும். போகவில்லை. முள்ளங்கியைச் சத்தமில்லாமல் தேய்க்க ஆரம்பித்தாள்.

பின்பக்கம் அவள் வீட்டு இறவாரத்தில் ஏணி சாத்தியிருந்தது. ஹத்சு ஏணி மேல் நின்று, கழுவிய முள்ளங்கிகளை வைக்கோல் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே நின்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் மினேயின் மகள் ஃபுயு. இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையாக வரப்போகும் பக்கத்து ஊர்ச் சாயப்பட்டறைப் பையனைத் திருவிழாவில் பார்த்ததிலிருந்து ஹத்சு இப்படித்தான், காரணமில்லாமல் சிரிக்கிறாள். நீலம் படிந்த அவன் விரல் நகங்களைப் பற்றி ஃபுயுவிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். ஃபுயுவும் நூறு தடவை முதல் தடவை போலவே கேட்டிருப்பாள்.

ஹத்சு என்றால் முதலாவது. புது வருஷத்தில் தெருவில் பிறந்த முதல் பெண் என்று அந்தப் பெயரை வைத்தவள் கிசேயின் மாமியார். போய்ச் சேர்ந்துவிட்டாள், புண்ணியவதி. யோசனை முழுக்க அவளுடையது. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும் நெருப்புக்குதிரை வருஷம் அது. அந்த வருஷத்தில் பிறந்த பெண் புருஷனை விழுங்கிவிடுவாள் என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிசே டிசம்பர் குளிரில், வருஷம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது பெற்றுத் தொலைத்தாள். மாமியார் தொப்புள்கொடியை அறுத்த கையோடு பழைய மெத்தையைப் பிரித்தாள். பஞ்சை ஒரு துணியில் கட்டி மருமகளின் வயிற்றில் வைத்து இறுக்கினாள். "புது வருஷம் பொறக்கிற வரைக்கும் நீ இன்னும் பெறல. புரியுதா?" என்றாள். குழந்தை உள்ளறையில் மெத்தைகள் அடுக்கும் அலமாரியில் கிடந்தது. கிசே பஞ்சு வயிற்றோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குப் போய் வந்தாள். "இந்தத் தடவை பையன்தான், வயிறு கூராயிருக்கு" என்று தெருவே சொன்னது. அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அந்த மாதத்தை ஊரில் இன்றைக்கும் சாக்கே மது ஆலை எரிந்த மாதம் என்றுதான் சொல்வார்கள். பனிச்சரிவில் ரயில் நின்றது, கோயில் குரு இறந்தது எல்லாம் அந்த மாதம்தான். ஆனால் ஆலை எரிந்ததுதான் பேச்சில் நின்றது. பட்டப்பகலில் பிடித்த நெருப்பு. ஆண்கள் வாளியோடு ஓடினார்கள், பெண்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள், மருத்துவச்சியும் ஓடினாள். தெருவில் மிஞ்சியது பிரசவ வலியில் துடித்த மினேயும், கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால் வயிறு கழன்றுவிடுமே என்று வீட்டோடு இருந்த கிசேயும்தான். மினே போட்ட சத்தத்தில் அவளால் இருக்க முடியவில்லை. போனாள். ஃபுயுவை வெளியே எடுத்தது அவள் கைதான். தாயின் பக்கத்தில் கிடத்தக் குனிந்தபோது குழந்தை வீறிட்டது; கிசேயின் மார்பு இரண்டும் கல்லாக இறுகி நனைந்துவிட்டன. சட்டென்று கையைக் கட்டி மறைத்துக்கொண்டாள். மினே கண்ணை மூடிக் கிடந்தாள். யாரும் பார்க்கவில்லை.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து மினே படுத்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கிசே, பொண்ணு பொறந்ததைப் புது வருஷத்துல சொல்லிக்கலாமா? ஊருல சில பேரு அப்படிப் பண்றாங்களாம். அவரு வண்டி ஓட்டப் போயிருக்காரு, இன்னும் எங்கயும் பதியல. நீ என்ன சொல்ற?" ஒரே சந்தில், ஒரே ஜனவரியில், அடுத்தடுத்த வீட்டில் இரண்டு பெண்கள் பிறந்தால் எந்த மடையனும் சந்தேகப்படுவான். கிசே அதைத்தான் நினைத்தாள். வாயில் வந்தது வேறு. "சாமி பாத்துட்டிருக்குக்கா. பொய்யில வளந்த பிள்ளை நல்லாவா இருக்கும்?" என்றாள். மினே அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள். மறுநாள் அவள் புருஷன் கென்சுகே போய் உள்ளது உள்ளபடி பதிந்துவிட்டு வந்தான்.

அதன் பலனை ஃபுயு அனுபவித்தாள். நிச்சயம் பண்ணின வீட்டார் வருஷம் தெரிந்ததும் ஆள்விட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டு ஆலைக்கு வேலைக்குப் போனாள், அங்கேயும் பேச்சு. திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தாள். ஒருமுறை பொதுக் குளியலறையில் எவளோ "குதிரை வருது, வழி விடுங்கடி, உதைச்சுடப் போவுது" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் கிசே. சிரிக்காமலிருந்தால் தன்னைக் கவனிப்பார்களோ என்று பயம். ஃபுயு வெந்நீரில் கழுத்துவரை இறங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அந்த முதுகு இப்போதும் கிசேயின் கண்ணில் நிற்கிறது.

உள்ளே கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க வீட்டு ஊறுகாய் நல்லாருக்கு" என்றாள் இசோ. கனத்த குரல். "நேராவே கேட்டுடறேன், தப்பா நினைக்காதீங்க. பொண்ணு லட்சணமா இருக்கா, கையில வேலை இருக்கு. எல்லாம் சரி. வயசுதான் இடிக்குது. புது வருஷத்துல பொறந்தவன்னு சொல்றாங்க. நானும் எத்தனையோ வீட்டுல விசாரிச்சுட்டேன்மா. அந்த ஜனவரியில மட்டும் இந்தச் சீமையில பொண்ணுங்க பனியாக் கொட்டியிருக்காங்க. அதுக்கு முந்தின மாசம் ஒருத்திகூடப் பெறல போலிருக்கு!"

மினே சிரித்தாள். ஏணி மேலிருந்து ஹத்சுவின் சிரிப்பும் அதே நேரத்தில் கேட்டது. சாமி, அவளுக்காக, என்று வேண்டப் போன கிசே பாதியில் நிறுத்திக்கொண்டாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாமியைக் கூப்பிடுவது?

"ஆலை எரிஞ்சது ஞாபகமிருக்கா உங்களுக்கு?" என்றாள் மினே.

"இல்லாமலா? எங்க ஊருலேர்ந்து புகையைப் பாத்தோமே."

"அன்னிக்குத்தான் எம்பொண்ணு பொறந்தா. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. ஓடிவந்து பிரசவம் பாத்தவ இந்தக் கிசேதான். இத்தாம் பெரிய வயிறு அவளுக்கு. குனிய முடியல, உக்கார முடியல. வலி தாங்காம அவ வயித்துலதான் கைய ஊனிக்கிட்டேன். உள்ளேர்ந்து குழந்தை உதைச்சுது பாருங்க ஒரு உதை! இப்பவும் என் உள்ளங்கையில இருக்கு."

கிசே தேய்ப்பதை நிறுத்தினாள். பஞ்சு எங்கே உதைக்கும்? மினே கை ஊன்றியது நிஜம். பஞ்சு மெத்தென்று அமுங்கியதும் நிஜம். வலியில் எதுவும் தெரிந்திருக்காது என்று இத்தனை காலம் அவள்தான் தன்னைத் தேற்றி வந்தாள். ஓடைத் தண்ணீரில் விறைத்த கையிலிருந்து காது மடல்வரை சூடேறியது.

"அப்போ உங்க பொண்ணு..." இசோவின் குரல் தணிந்தது. "அந்த வருஷமா?"

"ஆமா. குதிரைதான். நாங்க மறைக்கல."

"ஐயோ பாவம்" என்றாள் இசோ. அதற்குப் பிறகு அவள் அதிக நேரம் உட்காரவில்லை. கோப்பையில் பாதித் தேநீரை அப்படியே விட்டிருப்பாள் என்று கிசேவுக்குத் தோன்றியது. குதிரைப் பெண் இருக்கிற அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

பின்கதவு முழுசாகத் திறந்தது. மினே தன் முள்ளங்கிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்து, எப்போதும் உட்காரும் கல்லில் உட்கார்ந்தாள். கூடையைச் சாய்த்தாள். ஒன்றை எடுத்துக் கழுவினாள். கிசே அங்கே இருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"மினேக்கா" என்றாள் கிசே.

"எம்பொண்ணு வீல்னு அழுதா" என்றாள் மினே, முள்ளங்கியைப் பார்த்தபடியே. "என் கன்னத்துல சொட்டுச் சொட்டா என்னமோ விழுந்துச்சு. நாக்கால தொட்டுப் பாத்தேன், பாலு. எனக்கு இன்னும் சுரக்கலையேடி, யார் பாலுன்னு யோசிச்சேன்."

கிசே தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, இவளும் நம்மள மாதிரிதான், வழி சொல்லுவான்னு நினைச்சேன். அதுக்குத்தான் உன்னைக் கேட்டேன். தெரியாமலா கேட்டேன்? 'எப்படிப் பண்ணணும், நான் சொல்லித் தரேன்க்கா'ன்னு சொல்லுவியான்னு உன் வாயையே பாத்துட்டிருந்தேன்." மினே முள்ளங்கியைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். "நீ சாமியைக் கூப்பிட்டே."

"அப்பவே ஏன்க்கா என்னைக் காட்டிக் கொடுக்கல? இப்போ எதுக்கு..."

"ஒரு சந்துக்கு ஒரு குதிரை போதும்" என்றாள் மினே. "அதானே அன்னிக்கு உன் கணக்கு?"

அதில் கோபம் இருந்திருந்தால் கிசே தாங்கிக்கொண்டிருப்பாள். திட்டியிருந்தால், நாலு பேர் முன்னால் இழுத்து விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். விலை கேட்பது போலத்தான் கேட்டாள் மினே. கிசே ஈரக் கல்லில் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைக்கப் போனாள். மினே கழுவாத முள்ளங்கி ஒன்றை அவள் கையில் திணித்தாள்.

"எந்திரி. பொண்ணுங்க பாக்குதுங்க. கழுவு, தண்ணி உறையப் போவுது."

அதே நேரம் கிசேயின் வீட்டு முன்வாசலில் இசோவின் கனத்த குரல் கேட்டது. "யாரும் இல்லையா வீட்டுல?" அந்தக் குரலில் இப்போது சிரிப்பு இருந்தது. விசாரிப்பு முடிந்துவிட்டது. அடுத்தது பெண்ணை உட்கார வைத்துப் பார்ப்பதுதான்.

கிசே எழுந்து நின்றாள். மகளைக் கீழே இறக்கி, முகம் கழுவச் சொல்லி, தேநீர் எடுத்துப் போகச் சொல்ல வேண்டும். ஏணியைப் பார்த்தாள். ஹத்சு ஒன்றும் தெரியாமல் மேல் வரிசையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் நாக்குவரை வந்து அங்கேயே நின்றது. இத்தனை வருஷம் ஒரு நாளைக்கு நூறு தடவை, இந்த ஓடைக்கரைக்குக் கேட்கும்படி, மினேயின் அடுக்களைக்குக் கேட்கும்படி, முதலாவது என்று பொய்யாகக் கூப்பிட்ட பெயர். பக்கத்தில் மினே தலை நிமிராமல் கழுவிக்கொண்டிருந்தாள்.

முன்வாசலில் மறுபடியும் குரல் கேட்டது. கிசேயின் வாய் திறந்தே இருந்தது.

ஃபுயு திரும்பிப் பார்த்தாள். முன்வாசலுக்கும் ஓடைக்கரைக்குமாக ஒருமுறை பார்வையை ஓட்டியவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பானது. கையிலிருந்த முள்ளங்கியைக் கீழே வைத்துவிட்டு, ஏணி ஆடாமலிருக்க இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஹத்சு! ஏய் ஹத்சு!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "எறங்குடி, உன்னைப் பாக்க வந்துட்டாங்க!"